நியூயார்க் நகரில் கட்டணமில்லா முன்மழலையர் கல்வி: சேர்க்கை நடைபெறும் முறை

அமெரிக்கப் பள்ளிகளில் ஐந்து வயதில் தொடங்கும் கிண்டர்கார்டன் வகுப்புக்கு முந்தைய ஓராண்டில், நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அளிக்கப்படும் கல்வி 'முன்மழலையர் கல்வி' எனப்படுகிறது. வசதி பாராமல் எல்லாக் குழந்தைகளுக்கும் இதனைப் பொதுச்செலவில் வழங்கும் முயற்சியில் 1995-இல் ஜார்ஜியா மாநிலமும் 1998-இல் ஓக்லஹோமாவும் முன்னோடிகளாயின. நியூயார்க் நகரம், பில் டி பிளாசியோ மேயராகப் பொறுப்பேற்ற 2014-ஆம் ஆண்டில், மாநில அரசு ஒதுக்கிய 30 கோடி டாலரைக் கொண்டு இதில் இறங்கி, ஏறத்தாழ 20,000 ஆக இருந்த முழுநாள் வகுப்புக் குழந்தைகளின் எண்ணிக்கையை இரண்டே ஆண்டுகளில் 65,000-க்கும் மேலாக உயர்த்தியது.

ஒரு காலண்டர் ஆண்டில் நான்கு வயது நிறையும் நகரவாழ் குழந்தைகள் அனைவரும் அவ்வாண்டு செப்டம்பரில் சேரலாம் என்பதால், டிசம்பரில் பிறந்த குழந்தை நான்கு வயது நிறையும் முன்பே வகுப்பில் அமர்ந்துவிடுகிறது. பள்ளிநேர வகுப்புகளுக்கு வருமான வரம்பு இல்லை. மாலை வரை நீளும் பராமரிப்புடன் கூடிய இடங்களுக்கு வருமானத் தகுதி பார்க்கப்படுகிறது. பெற்றோரின் குடியேற்ற நிலை கேட்கப்படுவதில்லை. கழிப்பறைப் பழக்கம் இன்னும் வரவில்லை என்பதைக் காரணம் காட்டியும் குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியாது.

அரசுப் பள்ளிகளிலும், கல்வித்துறையுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட சமூக நிலையங்களிலும் இவ்வகுப்புகள் நடைபெறுகின்றன. பெற்றோர் ஒரே விண்ணப்பத்தில் பன்னிரண்டு இடங்கள் வரை விருப்ப வரிசைப்படி குறிப்பிடலாம். முந்தி விண்ணப்பித்தவருக்கு முதலிடம் என்ற நடைமுறை இல்லை. உடன்பிறந்தவர் படிக்கும் பள்ளி, வீடு அமைந்த பகுதி போன்ற முன்னுரிமைகளைக் கொண்டும், அவற்றில் சமநிலையில் இருப்போரிடையே குலுக்கல் முறையிலும் இடம் முடிவாகிறது. மனத்துக்கு உகந்த பள்ளியை முதலில் எழுதுவதால் அடுத்த பள்ளிகளில் வாய்ப்புக் குறைவதில்லை. ஆகவே அச்சத்தால் வரிசையை மாற்றி எழுதுவது வீண். ஒதுக்கப்பட்ட இடத்துக்கு மேலாக விரும்பிய பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலில் குழந்தையின் பெயர் தானாகவே இடம்பெறும்.

இடம் கிடைத்தபின், குறித்த நாளுக்குள் அதனை ஏற்று, பிறப்புச் சான்றிதழ் அல்லது கடவுச்சீட்டு, தடுப்பூசிப் பதிவு, முகவரிச் சான்றுகள் இரண்டு ஆகியவற்றுடன் பதிவு செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தமும் அண்மைய மின்கட்டண ரசீதும் முகவரிச் சான்றாகும். உறவினர் வீட்டில் தங்கியிருப்போர், அவ்வீட்டாரின் உறுதிமொழிப் பத்திரத்தைத் தரலாம்.

கெடு நாளுக்குள் விண்ணப்பித்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உறுதி, அது பட்டியலில் எழுதிய இடமாகவே அமையும் என்பதற்கு உறுதி இல்லாவிடினும். ஆனால் கட்டணமில்லை என்பதால் இடம் தானாக வீடு தேடி வருவதில்லை. அடுத்த ஆண்டின் கிண்டர்கார்டனுக்கும் தனியாகவே விண்ணப்பிக்க வேண்டும். நகருக்குப் புதிதாக வந்த குடும்பங்களே இச்செய்தி தெரியாமல் ஓராண்டை இழக்க நேரிடும் என்பதால், விவரம் அறிந்த ஒவ்வொருவரும் அண்டை வீட்டாருக்குக் கெடு நாளுக்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது.