நாயகனுக்கு ஒரு பேச்சுத்துணை

இந்தத் தவணையில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி ஒரு 15 நிமிட ஒலி நாடகம். படம் கிடையாது, எழுத்து கிடையாது. குரலும் ஓசையும் மட்டும்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத் துறை படிக்கும் நான் காணொளி எடுத்தே பழகியவள். கேமராவை வைத்துவிட்டு வா என்றால் கை இரண்டையும் கட்டிப்போட்டதுபோல் இருந்தது.

“எழுத உட்காருமுன் பழைய வானொலி நாடகம் ஒன்றையாவது கண்ணை மூடிக்கொண்டு முழுமையாகக் கேளுங்கள்,” என்றார் விரிவுரையாளர். அவர் கொடுத்த பட்டியலில் முதலில் இருந்தது ‘தி லோன் ரேஞ்சர்’. 2013ல் ஜானி டெப் நடித்து வந்த திரைப்படம் சிலருக்கு நினைவிருக்கலாம். அதற்கு 80 ஆண்டுகள் முன்பே அந்தக் கதை அமெரிக்க வானொலியில் தொடங்கிவிட்டது.

எம்ஆர்டி ரயிலில் ஓர் அத்தியாயத்தைப் போட்டுக் கேட்டேன். எக்காளம் முழங்கியது. குதிரைக் குளம்பொலி நெருங்கி வந்தது. துப்பாக்கி வெடித்தது. கொள்ளையர் தப்பி ஓட, முகமூடி அணிந்த ஒருவர் தம் வெள்ளைக் குதிரை ‘சில்வரில்’ அவர்களைத் துரத்தினார். பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன் என்று நினைத்த நான், அன்றிரவே இன்னும் நான்கு அத்தியாயங்களைக் கேட்டு முடித்தேன்.

யாருக்கும் தெரியாத முகமூடி

முதலில் எழுந்த கேள்வி இதுதான்: வானொலி நாயகனுக்கு முகமூடி எதற்கு? கேட்பவர் எவருக்கும் அது தெரியப்போவதில்லையே!

விடை தேடியபோது டெட்ராய்ட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். 1930களின் தொடக்கம் அமெரிக்காவில் பெரும் பொருளியல் மந்தக் காலம். டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் என்ற டெட்ராய்ட் நிலையம், தான் சேர்ந்திருந்த பெரிய ஒலிபரப்புக் கட்டமைப்பிலிருந்து 1932ல் விலகியிருந்தது. இனி நிகழ்ச்சிகளைத் தானே தயாரித்தாக வேண்டும். சிறுவர்களைக் கவரும் ஒரு கௌபாய் தொடர் வேண்டும் என்றார் உரிமையாளர் ஜார்ஜ் டிரெண்டில். பஃபலோ நகரில் இருந்த எழுத்தாளர் ஃபிரான் ஸ்டிரைக்கர் கதைகளை எழுதினார். 1933 ஜனவரியில் தொடர் ஒலியேறியது.

சில மாதங்களில் நிலையத்தார் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் கடிதம் எழுதும் 300 பேருக்கு விளையாட்டுத் துப்பாக்கி இலவசம் என்று அறிவித்தார்கள். வந்து குவிந்தவை 24,000க்கும் மேற்பட்ட கடிதங்கள்.

நாயகனின் பூர்வகதை பிற்பாடுதான் முழு உருப்பெற்றது. புட்ச் கேவண்டிஷ் என்ற கொள்ளையனின் கும்பலைத் தேடிச் செல்லும் ஆறு டெக்சஸ் ரேஞ்சர்கள் மலையிடுக்கில் சிக்கிச் சுடப்படுகிறார்கள். ஐவர் இறக்க, ஒருவர் மட்டும் குற்றுயிராகக் கிடக்கிறார். அவரைக் கண்டெடுத்துக் காப்பாற்றுபவர் டோண்டோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மனிதர். ஆறு பேருமே இறந்துவிட்டதாகக் கும்பல் நம்பட்டும் என்று கல்லறைகளும் ஆறாகவே அமைகின்றன. உயிரோடிருப்பது தெரியக்கூடாது என்பதற்குத்தான் முகமூடி. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணியை மற்றப் பாத்திரங்களின் பேச்சே நமக்குக் காட்டிவிடுகிறது. முதலில் அவரையே கொள்ளையன் என்று நினைத்து மிரள்பவர்களின் குரலைக் கேட்டால் போதும்.

ரேஞ்சருக்குச் சில கட்டுப்பாடுகளும் உண்டு. குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், கொல்வதற்காகச் சுட மாட்டார். அவருடைய தோட்டாக்கள் வெள்ளியால் ஆனவை. உயிரின் விலை என்ன என்பது ஒவ்வொரு முறை சுடும்போதும் நினைவுக்கு வரவேண்டும் என்பதற்காக!

ஓசையால் கட்டிய ஊர்

டெக்சஸ் சமவெளி முழுவதும் டெட்ராய்ட் நகர ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றுக்குள் அடங்கியிருந்தது. குதிரைக் குளம்பொலிக்குக் கொட்டாங்கச்சிகளைத் தட்டுவது அந்நாளைய வானொலி நாடகங்களின் பொது வழக்கம். இந்த நிலையத்தாரோ கழிவறை அடைப்பை எடுக்கும் ரப்பர் பிளஞ்சர்களைச் சரளைக்கல் தட்டில் அழுத்தி ஓசை எழுப்பினார்கள். அந்தக் கம்பீரமான முகப்பு இசை, இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் ‘வில்லியம் டெல்’ ஓபராவுக்காக 1829ல் வந்தது. பழைய இசை என்பதால் உரிமைக் கட்டணம் கிடையாது. கையில் காசில்லாத நிலையத்துக்கு அது ஒரு வரம்.

நானும் என் குழுவினரும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சி இரண்டையும் ஒரு தட்டுக் கூழாங்கல்லையும் வைத்துக்கொண்டு ஒரு துரத்தல் காட்சியைச் செய்து பார்த்தோம். ஒலிவாங்கிக்கு அருகே தட்டினால் நாயகன், தள்ளிப்போய்த் தட்டினால் கொள்ளையன். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் குறையக் குறைய நெஞ்சு படபடக்கிறது. துரத்தல் என்பது இவ்வளவுதான். காணொளியில் இதற்கே நான்கு பேர் கேமராவோடு ஓடியிருப்போம்.

பேசுவதற்கு ஒருவர்

டோண்டோ முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடவில்லை. தொடர் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் வருகிறார். வானொலியில் நாயகன் தனியாக இருந்தால் அவர் நினைப்பது நமக்குக் கேட்காது. ‘அதோ தடம் தெரிகிறது’, ‘கொள்ளையர் ஆற்றைக் கடந்துவிட்டனர்’ என்றெல்லாம் யாரிடம் சொல்வார்? பேசுவதற்கு ஒருவர் வேண்டும் என்பதற்காகவே டோண்டோ உருவாக்கப்பட்டார்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட பேச்சு, வினைச்சொல்லும் இலக்கணமும் உடைந்த அரைகுறை ஆங்கிலம். ரேஞ்சரோ எழுத்துப் பிசகாத தூய ஆங்கிலம் பேசுவார். டோண்டோவுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் டோட் என்ற வயது முதிர்ந்த வெள்ளைக்கார மேடை நடிகர். டோண்டோ பொட்டவாட்டமி இனத்தவர் என்கிறது தொடர். அவர்களுடைய தாயகமோ டெக்சஸிலிருந்து வெகுதொலைவில், டெட்ராய்ட் இருக்கும் அதே பேரேரிப் பகுதி. அவர் ரேஞ்சரை அழைக்கும் ‘கீமோசாபே’ என்ற புகழ்பெற்ற சொல், இயக்குநரின் மாமனார் மிச்சிகனில் நடத்திய சிறுவர் முகாம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. ‘டோண்டோ’ என்றால் ஸ்பானிய மொழியில் முட்டாள் என்று பொருள். அதனால் ஸ்பானிய மொழிமாற்றத்தில் அவர் பெயரை ‘டோரோ’ என்று மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவையும் குறிப்பெடுத்துவிட்டு என் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஒன்று உறுத்தியது. எல்லாப் பக்கங்களிலும் ரேஞ்சரை ‘அவர்’ என்றும் டோண்டோவை ‘அவன்’ என்றும் எழுதியிருந்தேன். உயிரைக் காப்பாற்றியவர், தடம் பார்த்துக் கொள்ளையரைக் கண்டுபிடிப்பவர், ஆபத்து என்றால் முதலில் போகிறவர் டோண்டோதான். ஆனாலும் அந்த உடைந்த பேச்சைக் கேட்டுக் கேட்டு, யாரும் சொல்லித் தராமலேயே என் பேனா அவரை ஒரு படி கீழே இறக்கிவிட்டது.

நாயகன் குரலிழந்தபோது

1941 ஏப்ரலில் ரேஞ்சராகக் குரல் கொடுத்துவந்த ஏர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 32தான். கோடிக்கணக்கானோர் அறிந்திருந்த ஒரு குரல் ஒரே நாளில் நின்றுவிட்டது. வேறொருவர் திடீரென்று பேசினால் பிள்ளைகள் ஏற்பார்களா?

நிலையத்தார் கண்ட வழி இது: கதையில் ரேஞ்சர் காயமடைகிறார். அடுத்த சில அத்தியாயங்களில் அவரால் முணுமுணுக்க மட்டுமே முடிகிறது. கொள்ளையரைத் துரத்துவது முதல் கதையை நகர்த்துவதுவரை எல்லாம் டோண்டோவின் பொறுப்பு. அதன்பின், அதுவரை அறிவிப்பாளராக இருந்த பிரேஸ் பீமர் மெல்ல மெல்ல ரேஞ்சராகப் பேசத் தொடங்கினார். 1954ல் தொடர் நிறைவடையும்வரை அவர் குரல்தான்.

நாயகனுக்குப் பேச்சுத்துணையாக மட்டும் படைக்கப்பட்ட ஒருவர், நாயகனால் பேச முடியாதபோது தொடரையே தாங்கிப் பிடித்திருக்கிறார். அவரால் அது முடியும் என்பது அப்போது தெரிந்துவிட்டது. ஆனால் ரேஞ்சருக்குக் குரல் திரும்பியதும் டோண்டோ மீண்டும் ஒரு படி பின்னால் போய்விட்டார்.

1949ல் தொலைக்காட்சிக்குக் கதை வந்தபோது டோண்டோவாக நடித்தவர் ஜே சில்வர்ஹீல்ஸ். கனடாவில் பிறந்த மோஹாக் இனத்தவர். பேச்சு மட்டும் அதே உடைந்த ஆங்கிலம்தான். அவர் பின்னர் 1960களில் லாஸ் ஏஞ்சலிசில் பூர்வகுடி நடிகர்களுக்கென ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார்.

எங்கள் கொள்ளையர் வேட்டை

இப்போது என் நாடகத்துக்கு வருகிறேன். கைப்பேசி மோசடிக் கும்பலால் பாட்டியின் சேமிப்பு பறிபோகிறது. பேரன் அந்தக் கும்பலைத் தேடிப் போகிறான். துணைக்கு, பக்கத்து வீட்டுச் சீன நண்பன். அவன் தமிழைத் தப்புத் தப்பாகப் பேசி நம்மைச் சிரிக்க வைக்கிறான். முதல் ஒத்திகையில் ஆகப் பெரிய சிரிப்பு அவன் பேச்சுக்குத்தான். அந்தக் குரலைச் செய்து காட்டிய என் வகுப்பு நண்பரும் தமிழர்தான்.

அவனுடைய வரிகளை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 31. அவற்றில் 22 வரிகள் ‘அப்புறம்?’, ‘இப்போ என்ன செய்வது?’ என்ற கேள்விகள். மிச்சம் ஒன்பதும் நகைச்சுவை.

உயர்நிலைப் பள்ளி நாள்களில் ஒரு முகாமில், மாணவர் குழு ஒன்று போட்ட குட்டி நாடகத்தில் இந்தியக் கடைக்காரர் ஒருவர் வருவார். தலையை ஆட்டி ஆட்டி ஆங்கிலம் பேசுவார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பும் பேருந்தில்தான் என் அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பு என்ன என்று தெரிந்த நானே இதை எழுதியிருக்கிறேன்.

மாற்றி எழுதலாம் என்று சொன்னதும் குழுவில் வாக்குவாதம். “சும்மா ஜோக்குதானே, சிரிப்பு போய்விடும்,” என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. சிரிப்பு போய்விட்டது. சீன நண்பன் இப்போது இயல்பாக ஆங்கிலத்தில் பேசுகிறான். நிஜ வாழ்க்கையில் நாமும் அவனிடம் அப்படித்தானே பேசுவோம்? குரல் கொடுப்பவர் எங்கள் சீன வகுப்புத் தோழர். எழுத்துப்படியைப் படித்துவிட்டு, “பாட்டி அழும்போது நான் ஏன் பேசிக்கொண்டே இருக்கிறேன்?” என்று கேட்டு அவரே இரண்டு வரிகளை அடித்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது பாட்டியின் அழுகையும் நாற்காலி இழுபடும் ஓசையும் மட்டும் கேட்கின்றன. நண்பன் அருகில் வந்து உட்காருகிறான். நாடகத்தில் எனக்கு ஆகப் பிடித்த இடம் அதுதான்.

‘தி லோன் ரேஞ்சர்’ அத்தியாயங்கள் பல இன்றும் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. 1937ல் ஒலியேறிய ‘ஓசேஜ் வங்கிக் கொள்ளை’ என்ற அத்தியாயத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விடுமுறையில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். குளம்பொலியை ரசியுங்கள், துரத்தலில் மெய்ம்மறங்கள். முடிந்ததும் இரண்டாம் முறை போட்டு, டோண்டோவின் வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் நாடகமோ குறும்படமோ வலையொலியோ செய்பவராக இருந்தால், அடுத்து உங்கள் எழுத்துப்படியை எடுத்து, நாயகனின் நண்பர் பேசும் வரிகளையும் அப்படியே எண்ணிப் பாருங்கள்.