ஸ்பானியப் பெயர்ச்சொற்களின் பால்: தமிழிலக்கண நோக்கில் ஓர் ஒப்பீடு

திருப்பூர்ப் பின்னலாடைகள் ஸ்பெயினுக்கும் ஏற்றுமதியாகின்றன. அத்தொழிலின் பொருட்டு ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கும் தமிழர்க்கு, உயிரற்ற பொருட்பெயர்களும் ஆண்பால், பெண்பால் எனப் பகுக்கப்படுவது இடர் தரும். தொல்காப்பியம் கூறும் திணை, பால் பகுப்பு பொருளை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி நூல், துணி இரண்டும் அஃறிணை ஒன்றன்பால். ஸ்பானியத்தில் பால் சொல்லுக்குரியது: நூலைக் குறிக்கும் ‘இலோ’ ஆண்பால், துணியைக் குறிக்கும் ‘தேலா’ பெண்பால்.

தமிழில் பாலை வினைமுற்றின் விகுதி உணர்த்தும். ஸ்பானியத்தில் பெயருக்கு முன்வரும் ‘எல்’, ‘லா’ என்னும் சொற்களும் பெயரடையும் உணர்த்தும்: ‘எல் இலோ பிளாங்கோ’ (வெள்ளை நூல்), ‘லா தேலா பிளாங்கா’ (வெள்ளைத் துணி). ஓகார ஈறு ஆண்பால், ஆகார ஈறு பெண்பால் என்பது பெரும்பான்மை பற்றியதே. கையைக் குறிக்கும் ‘மானோ’ பெண்பாலாகும். எனவே பொருளில் காரணம் தேடாது, ஒவ்வொரு பெயரையும் ‘எல்’ அல்லது ‘லா’வுடன் சேர்த்தே பயிலுதல் தகும்.