மூத்தோரை உட்கார வைப்பதுதான் பணிவிடையா?

வாப்பா மௌத்தான பிறகு என் உம்மாவை நாங்கள் ஒரு கதிரையில் உட்கார வைத்தோம். "இவ்வளவு காலமும் பாடுபட்டது போதும், இனி நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று சொல்லி, அடுப்படிக்கும் போகவிடவில்லை. முற்றம் கூட்டவும் விடவில்லை. காலையில் பாணும் சீனி போட்ட தேநீரும், இரவில் இடியப்பமும் சொதியும் இருந்த இடத்திற்கே போயின. ஒரு வருடம் கழிந்தது. ஒருநாள், கதிரையிலிருந்து தனியாக எழும்ப முடியாமல் இரண்டு கைகளையும் நீட்டி என் மகளைக் கூப்பிட்டார். புதிதாக நோய் எதுவும் இல்லை. கால்களுக்கு வேலை இல்லாமல் போனதுதான் காரணம் என்றார் பரிசோதித்த வைத்தியர்.

அன்புள்ள சகோதரிகளே, நம் வீடுகள் பலவற்றில் இந்தத் தவறு அன்பின் பெயராலேயே நடக்கிறது. வயது ஏற ஏறத் தசை குறைவது இயல்பு. அசையாமல் இருப்பதும் புரதம் குறைந்த உணவும் அதை விரைவாக்குகின்றன. தசை தளர்ந்தால் நடை தடுமாறும். தடுமாறினால் விழ நேரும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 12.4 வீதம். எனவே இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல.

முதலில் உணவு. பல் இல்லை என்பதற்காகச் சோற்றையும் சொதியையும் மட்டும் குழைத்துக் கொடுப்பது போதாது. முதியவருக்கு உடல் நிறையில் கிலோ ஒன்றுக்கு நாளாந்தம் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்பது நிபுணர்களின் பரிந்துரை. 50 கிலோ நிறையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ ஏறத்தாழ 6 கிராம்தான். ஆகவே முள் நீக்கிய மீன், அவித்த முட்டை, பருப்பு, பயறு, தயிர் என மூன்று வேளையும் ஏதாவதொன்று இருக்கட்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும். வல்லாரை, முருங்கையிலை போன்றவற்றைப் பொடியாக அரிந்து சுண்டிக் கொடுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக இருக்க வேண்டும்; கருவாட்டிலும் அச்சாறிலும் உள்ள உப்பும் இதில் அடங்கும். முதுமையில் தாகம் சரியாகத் தெரியாது. கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள்.

அடுத்தது உடலசைவு. 65 வயதைக் கடந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், தசைப் பலத்திற்கும் உடற் சமநிலைக்குமான பயிற்சிகளையும் செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. வீதியில் நடக்கக் கூச்சப்படும் பெண்களுக்கு முற்றமும் விறாந்தையும் போதும். பத்துப் பத்து நிமிடமாகவும் நடக்கலாம். "ஐந்து வேளையும் தொழுகிறேனே, அது போதாதா?" என்று கேட்போர் உண்டு. தொழுகை வணக்கம், அதைக் காரணங்காட்டி நடையை விட்டுவிடலாகாது. நிலத்தில் இருந்து எழும்பித் தொழும் சக்தி நீடிக்கவும் பலமான கால்கள் வேண்டுமே!

சுவரோரம் உறுதியான கதிரையொன்றை வைத்து, மெதுவாக எழும்பி மெதுவாக அமரச் செய்யுங்கள். ஆரம்பத்தில் ஐந்து முறை. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இருதய நோய், பிரஷர், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையுடன் தொடங்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்தி வைத்திய உதவியை நாட வேண்டும். குளியலறைத் தரையை ஈரமின்றி வைத்திருங்கள். இரவில் சிறு வெளிச்சம் எரியட்டும்.

என் உம்மா கதிரையிலிருந்து தானாக எழும்பச் சில மாதங்கள் பிடித்தன. இப்போது கீரை ஆய்வது அவர். காலையில் முற்றம் கூட்டுவதும் அவரே. விளக்குமாற்றை நாங்கள் வாங்கப் போனால் கோபித்துக்கொள்கிறார்.