பஞ்சு போக மீதி என்ன?

கரிசல் காட்டில் எடுத்த பருத்தி முதலில் வந்து சேருமிடம் அரவை ஆலை. அங்குள்ள அரவை இயந்திரத்தின் தோல் உருளையைப் பாருங்கள். சுழலும் உருளை பஞ்சைப் பற்றி இழுக்கும். அதை ஒட்டி நிற்கும் கத்தி கொட்டையைத் தடுத்துப் பிரிக்கும். 100 கிலோ பருத்தியில் பஞ்சு ஏறக்குறைய 35 கிலோதான். மீதியில் பெரும்பகுதி கொட்டை.

கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழைகள் உயர்தரக் காகிதம் செய்ய உதவுகின்றன. பருப்பை ஆட்டினால் எண்ணெய். அதைச் சுத்திகரித்து, காசிப்பால் என்ற நச்சை நீக்கிய பிறகே சமையலுக்கு ஆகும். எண்ணெய் எடுத்த புண்ணாக்கு கறவை மாட்டுத் தீவனம். மதுரைத் தெருக்களில் கொட்டையை ஊறவைத்து அரைத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துப் பருத்திப்பால் காய்ச்சுகிறார்கள். அறுவடை முடிந்தபின் மிஞ்சும் பருத்திமார், அதாவது காய்ந்த செடித்தண்டு, கிராமத்து அடுப்புக்கு விறகு.

நூற்பாலையில் உதிரும் கழிவுப் பஞ்சும் வீணாவதில்லை. முரட்டு நூலாகிப் போர்வையாகவும் விரிப்பாகவும் மாறுகிறது.

பருத்தியின் விலையில் பஞ்சோடு கொட்டையின் மதிப்பும் அடங்கியிருக்கிறது. எண்ணெய், தீவனம், விறகு என ஒவ்வொன்றும் உள்ளூரிலேயே விலைபோனால்தான் விவசாயியின் உழைப்புக்கு முழுப் பலன் கிடைக்கும்.