பாட்டு விழாவும் ஒரு சிறு நாடும்

பால்டிக் கடலின் கீழ்க்கரையிலே எஸ்தோனியா என்னும் சிறு நாடு உள்ளது. அதன் மக்கள் தொகை இன்றும் 14 லட்சத்தை எட்டவில்லை. அம்மக்களின் பொழுதுபோக்கு யாது என வினவினால், பாட்டு என்பதே முதல் விடை. அதுவும் தனிப்பாட்டன்று, பலர் கூடிப் பாடும் பாட்டு. அவர்தம் பழைய நாட்டுப் பாடல்கள் மோனை மிகுந்தவை. ஒருவர் ஓரடியைப் பாட, ஏனையோர் அதனைத் திருப்பிப் பாடுவர்.

இவ்வழக்கம் பெருவிழாவாக மலர்ந்தது 1869ஆம் ஆண்டில். அந்நாளில் ரஷ்யப் பேரரசு ஆண்டது. நிலமோ ஜெர்மானியப் பிரபுக்களிடம் இருந்தது. எஸ்தோனிய மொழி குடியானவர் பேச்சென்று எள்ளப்பட்டது. பண்ணையடிமை முறை ஒழிந்த 50ஆம் ஆண்டினைக் கொண்டாடுவதாகக் கூறி, பத்திரிகாசிரியர் யான்சென் என்பார் டார்ட்டு நகரிலே முதற் பாட்டு விழாவைக் கூட்டினார். பாடியவர் அனைவரும் ஆடவர். எஸ்தோனியர் இசையமைத்த பாடல்கள் இரண்டே. அவ்விரண்டிற்கும் சொல் தந்தவர் யான்செனின் மகள் லிடியா கொய்டுலா!

தாய்நாட்டின் அன்பைக் கூறும் கொய்டுலாவின் பாடலுக்கு 1944இல் குஸ்தாவ் எர்னேசக்ஸ் புதிய மெட்டு அமைத்தார். 1947 விழாவில் பாடப்பட்ட அப்பாடல், பின்னர் சோவியத் ஆட்சியில் நிகழ்ச்சியினின்றும் நீக்கப்பட்டது. 1950இல் இசைத்தலைவர் மூவர் சிறைப்பட்டனர். ஆயினும் 1960 விழாவின் முடிவில், அறிவிப்பு ஏதுமின்றி, மக்களே அப்பாடலை எடுத்துப் பாடினர். மேடையிலிருந்தோரும் புல்வெளியிலிருந்தோரும் ஒரே குரலாயினர். பின்னர் அது முறையாகவே நிகழ்ச்சியில் இடம்பெற்றது.

ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே பாடுவது எளிதன்று. ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டரே செல்லும். தொலைவில் நிற்பவரின் குரல் சற்றுத் தாமதித்தே நம் செவியை எட்டும். ஆகவே பாடுவோர் செவியை நம்பாது, உயரத்தில் நிற்கும் இயக்குநரின் கையையே நோக்க வேண்டும். டாலின் நகரில் 1960இல் கட்டப்பட்ட மாபெரும் வளைவுக் கூரை, அவர்கள் குரலை மக்கள்பால் திருப்பி அனுப்புகிறது. பாடகர் குழுக்கள் தத்தம் ஊர்களில் நெடுநாள் பயின்று, தேர்வுக்கு உட்பட்ட பின்னரே அம்மேடை ஏறுகின்றன.

தொலைக்காட்சியின் கதை வேறு சுவையுடையது. டாலினுக்கு எதிர்க்கரையில், சுமார் 80 கிலோமீட்டருக்கு அப்பால், பின்லாந்து இருக்கிறது. அதன் ஒளிபரப்பைப் பெறுவதற்கெனத் தொலைக்காட்சிப் பெட்டியினுள் சிறு கருவியொன்றைப் பலர் பொருத்திக்கொண்டனர். பின்னிஷ் மொழி அவர்கள் மொழிக்கு உறவாதலால், குழந்தைகள் பள்ளி செல்லாமலே அதனைக் கற்றனர். 'டல்லஸ்' என்னும் அமெரிக்கத் தொடர் அவ்வழியே வீடு புகுந்தது. பிரசாரத்திற்கு எதிராக ஒரு வேடிக்கைத் தொடர் இத்துணை வேலை செய்யும் என்று யார்தாம் எண்ணியிருப்பர்?

1988ஆம் ஆண்டில் இளைஞர் இசையும் பழைய பாட்டும் ஒன்றாயின. அலோ மட்டீசன் நாட்டுப்பற்றுப் பாடல்களை ராக் இசையில் அமைத்தார். அவ்வாண்டுக் கோடையில் டாலின் விழாத்திடலில் மக்கள் இரவிரவாகக் கூடிப் பாடினர். செப்டம்பரில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். 1991 ஆகஸ்டு 20ஆம் நாள் எஸ்தோனியா தன் விடுதலையை மீண்டும் அறிவித்தது.

ஐந்தாண்டுக்கொருமுறை நிகழ்வதே இவ்விழாவின் வழக்கம். 28ஆம் விழா 2025 ஜூலையில் நடைபெற்றது. அவ்வாண்டு வட்டார வழக்குகளுக்குச் சிறப்பிடம் தரப்பட்டது.