மறதியை வயதின் மேல் போடாதீர்கள்

மல்லாங்கிணறு, திருச்சுழி பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் பெரியவர் ஒருவர் சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்டால், 'வயசாயிருச்சுல்ல, அப்படித்தான்' என்று விட்டுவிடுவது வழக்கம். இந்த வழக்கம் மாற வேண்டும். 60 வயதைக் கடந்த இந்தியர்களில் சுமார் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்ற மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது அதிகம். வயது மட்டுமே காரணம் என்றால் மற்ற முதியவர்களும் அல்லவா இப்படி மறக்க வேண்டும்?

முதுமையில் எல்லோருடைய மூளையும் கொஞ்சம் சுருங்கும் என்பது உண்மைதான். புதிதாக நடப்பதைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் மூளையின் உட்பகுதியில் இருக்கிறது. இயல்பான முதுமையில் அது ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் சுருங்கும். டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயில் அதைப்போலப் பல மடங்கு வேகமாகச் சுருங்கும். பழைய நினைவுகள் பெரும்பாலும் மூளையின் மேலடுக்கில் பதிந்தவை. அதனால்தான் நாற்பது வருடத்துக்கு முந்தைய பருத்தி விலையைச் சொல்பவருக்குக் காலையில் சாப்பிட்டது நினைவில்லை. கைப்பழக்கத்தைக் காக்கும் பேசல் கேங்க்லியா என்ற ஆழ்பகுதி அல்சைமரில் நெடுநாள் தாக்குப்பிடிப்பதால், களை வெட்டும் கை பழகியபடியே வெட்டும். வேலை செய்கிறாரே என்று வீட்டார் ஏமாறுவதும் இதனால்தான்.

இந்த ஆழ்பகுதிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பேசல் கேங்க்லியாவுக்கும் அதனருகே உள்ள தாலமஸுக்கும் ரத்தம் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்கள் பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரிபவை. ரத்த அழுத்தம் ஏறினால் முதல் அடி அவற்றுக்கே விழும். அவை அடைபடுகிற இடங்களில் சிறுசிறு பக்கவாதங்கள் வெளியே தெரியாமலே நடந்து, யோசனையும் நடையும் மந்தமாகும். ஆகவே பிரஷர் மாத்திரை மூளைக்குமான மருந்து.

'குணமாக்க மருந்தில்லை, ஸ்கேன் எடுக்க வசதியில்லை, தெரிந்து என்ன பயன்?' என்று கேட்கலாம். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையில் சீராகக்கூடும்; சோதிக்காமல் அது தெரியாது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, புகை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் டிமென்ஷியா பாதிப்பில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணையம். இவற்றில் பலவற்றைக் கவனிக்க ஸ்கேன் தேவையில்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் நடக்கிறது. அந்த மாத்திரைகளை ஒருநாளும் விடாதீர்கள். மறதி தென்பட்டால் பெரியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.