சே சலினஸ் உப்பளம், இபீசா
இரவு விடுதிகளுக்குப் பேர்போன இந்த ஸ்பெயின் தீவைப் பல நூற்றாண்டுகள் வாழவைத்தது உப்புதான். பினீசியர் காலந்தொட்டே இங்கே உப்பு எடுக்கிறார்கள்.

குனிந்து பாருங்கள்: வரப்போரம் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். கோடை வெயிலும் காற்றும் பாத்தியில் நிற்கும் கடல்நீரைச் சுண்டவைக்கின்றன. உப்பு ஏற ஏற, நுண்ணுயிர்களால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிறது. கோடை முடிவில் வாரிக் குவிப்பார்கள். இயந்திரம் வருமுன் அத்தனையும் தலைச்சுமை. கண்ணும் காலும் எரியும் கடும் உழைப்பு அது.

வலசை வரும் பூநாரைகள் இங்கேதான் இரை தேடுகின்றன. அருகே கடலடியில் பொசிடோனியா புல்வெளி. 1999இல் யுனெஸ்கோ இபீசாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க அதுவும் ஒரு காரணம். நங்கூரம் பெயர்த்த புல் மீண்டும் தழைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பறவைகள் மேய்கையில் வரப்பில் இறங்காதீர்கள்.